நொட்டாங்கை மெருகு

மாமசோலி செத்தபோது, பட்டறை முதலாளி ரவ்ஷன்பெக்குக்கு அவர் கொடுக்க வேண்டியிருந்தது பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம் சோம்.

முன்பணமாக வாங்கியது. கதவுக் கைப்பிடி ஒன்றைத் தேய்த்து மெருகேற்ற நாலாயிரம் கூலி. இன்னும் நானூற்று அறுபது கைப்பிடி தேய்த்துக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். அதற்குள் மார்பு நிறைந்துவிட்டது. முப்பது வருஷத்துப் பித்தளைத் தூளும் எமரித் தூளும். மருத்துவர் விரலால் தட்டிப் பார்த்தபோது நிறைகுடத்தைத் தட்டுவதுபோல் கேட்டதாம்.

உடலை வைத்த சந்தூக்கைத் தூக்குமுன் இமாம் வழக்கம்போலக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார், இந்த மனுஷர் யாருக்காவது பாக்கி வைத்திருக்கிறாரா என்று. கோகந்தில் எல்லா மௌத்திலும் கேட்பதுதான். மகன் இருந்தால் முன்னால் வந்து, என்னிடம் கேளுங்கள் என்பான். மாமசோலிக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். பால்காரர் பொருந்திக்கிட்டேன் என்றார். மளிகைக்காரர் பொருந்திக்கிட்டேன் என்றார். அந்த ஒரு சொல் போதும். செத்தவன் தோளிலிருந்து பாரம் இறங்கிவிடும்.

ரவ்ஷன்பெக் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறக்கவில்லை.

இமாம் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தூக்கச் சொன்னார். அத்தனை மெலிந்துபோயிருந்த ஆள் அன்றைக்கு எப்படிக் கனத்தார் என்று தூக்கியவர்கள் வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

பருத்தி எடுத்து முடிந்து, முசுக்கொட்டை மரங்கள் இலை உதிர்த்து நின்ற நாளில் அந்தப் பட்டறைக்கு வேலை கேட்டு வந்த எர்காஷுக்கு இது எதுவும் தெரியாது.

பட்டறை என்றால் பழைய பருத்திக் கிடங்கு. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். சுவர்கள் மண் சுவர்கள், கூரை துருப்பிடித்த தகரம். உள்ளே நுழைந்ததும் நாக்கில் செம்புக் காசை வைத்ததுபோல ஒரு ருசி. மூன்று சக்கரங்கள் வரிசையாக இருந்தன. சன்னலோரம் ஒன்றில் கோசிம் என்ற பல்லில்லாத ஆள் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒன்று பழுதாகிக் கிடந்தது. கடைசிச் சுவரோரம் இருந்த மூன்றாவதன் முன்னால், பல வருஷம் ஒரே ஆள் உட்கார்ந்து குழிந்துபோன முக்காலி. பக்கத்து மாடத்தில், தொண்டைத் தூசி இறங்கத் தயிர் குடிக்கிற கிண்ணம் ஒன்று கவிழ்ந்திருந்தது.

"எந்த ஊர்டா?" என்றார் ரவ்ஷன்பெக். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் இருமினார். கைக்குட்டையில் துப்பி, அதைப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டார்.

"மலை மேல, முதலாளி. கத்தி தேய்ச்சிருக்கேன்."

"கத்தி வேற, இது வேற. கத்தியில முனைதான் வேணும். இதுல முகம் தெரியணும். என் மூஞ்சி எனக்கே தெரியணும்."

"அதைப் பாத்து யாரு சந்தோஷப்படப் போறா?" என்றார் கோசிம், திரும்பாமலே.

முதலாளி அதைக் கேட்காததுபோல இருந்தார். "முன்பணம் எவ்வளவு வேணும்?"

எர்காஷின் மனைவி ஓய்நிசாவுக்கு எட்டாம் மாதம். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாடகை அறை, ஆஸ்பத்திரி, எல்லாம் சேர்த்து முப்பத்தாறு லட்சம் கேட்டான். ரவ்ஷன்பெக் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார். அப்போதே எர்காஷ் யோசித்திருக்க வேண்டும்.

"அந்தக் கடைசிச் சக்கரத்துல உக்காரு," என்றார். "வேற எதுலயும் உக்காராதே."

கணக்கு சுவரில்தான். சாயங்காலம் விளக்கு வைக்குமுன் ஒவ்வொருவன் பெட்டியிலும் இருக்கும் கைப்பிடியை முதலாளி எண்ணி, அவனவன் பேருக்குக் கீழே கரித்துண்டால் கோடு இழுப்பார். கோசிமுக்கு ஒரு பத்தி. எர்காஷுக்குப் புதிதாக ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மாமசோலி என்ற பெயர் அழியாமல் இருந்தது. அதன் கீழே எதுவுமில்லை.

"யாருண்ணே இது?"

"உன் முக்காலிக்காரர்," என்றார் கோசிம். "மௌத்தாயிட்டாரு. வேலையப் பாரு தம்பி."

அச்சில் ஊற்றி வந்த, பிசிறு நிறைந்த வார்ப்பை முதலில் எமரிச் சக்கரத்தில் கொடுத்துத் தோலுரிக்க வேண்டும். பிறகு துணிச் சக்கரத்தில் பச்சைப் பசை தடவி அழுத்த வேண்டும். கை சுடும், விட முடியாது. விட்டால் சக்கரம் பிடுங்கிக்கொண்டுபோய்ச் சுவரில் அடிக்கும். முதல் நாள் எர்காஷ் பதினான்கு தேய்த்தான். விரல் நுனிகளில் தோல் இல்லை.

மறுநாள் காலை பனி விழுந்திருந்தது. முதலாளி பூட்டைத் திறந்து விட்டதும் எர்காஷ் தன் இடத்துக்குப் போனான். பெட்டியில் மினுமினுவென்று கைப்பிடிகள் கிடந்தன. நேற்றுப் போட்டதை முதலாளி எண்ணி எடுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்திருந்தான். இவை வேறு.

ஒன்றை எடுத்தான்.

சூடாக இருந்தது.

கோசிம் அப்போதுதான் வாசலில் சப்பாத்துப் பனியை உதறிக்கொண்டிருந்தார். மெயின் சுவிட்சு இரும்புப் பெட்டிக்குள், சாவி முதலாளி இடுப்பில். சாயங்காலம் பூட்டினால் காலையில்தான் கரண்ட். எர்காஷ் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் மூஞ்சி தெரிந்தது. பனியில் நடந்து வந்த, தூக்கமில்லாத, கடன்காரன் மூஞ்சி.

யார் தேய்த்தது என்று அவன் கேட்கவில்லை. சாயங்காலம் முதலாளி பெட்டியை எண்ணினார். "மலைக்காரன் கை பரவாயில்லையே," என்றார். எர்காஷ் பேருக்குக் கீழே முப்பத்தொரு கோடு விழுந்தது. அவன் தேய்த்தது பதினாறு.

அவன் அதைத் திருத்தவில்லை.

அதன்பின் தினம் அப்படித்தான். காலையில் பெட்டியில் சுடச்சுடக் கைப்பிடிகள். மாடத்துக் கிண்ணம் நிமிர்ந்து இருக்கும், அடியில் தயிர்த் திப்பி ஒட்டியிருக்கும். எர்காஷ் அதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். பிள்ளை பிறக்குமுன் கடன் அடைந்துவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். ஒன்று மட்டும் அவனுக்கு உறுத்தியது. பூட்டுவதற்கு முன்னால் முதலாளி, தேய்க்காத வார்ப்புகளைத் தன் கையாலேயே கொண்டுவந்து அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் குவித்துவிட்டுப் போவார்.

ஒருநாள் கோசிம் தேநீர் ஊற்றிக்கொண்டே அவன் பெட்டியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, நீ வலதுகைக்காரன்தானே?"

"ஆமாண்ணே."

"இதுல மெருகு ஓடுற திசையைப் பாரு. இப்படிச் சாஞ்சு ஓடுது. இது நொட்டாங்கை." கைப்பிடியைச் சுட்டதுபோலக் கீழே வைத்தார். "இந்தப் பட்டறையில ஒரே ஒரு நொட்டாங்கைக்காரன்தான் இருந்தான்."

எர்காஷ் தேநீரைக் குடித்தான்.

"நீ வந்த ராசி நல்ல ராசி," என்றார் கோசிம், பேச்சை மாற்றுகிறவர்போல. "ரெண்டு மாசமா முதலாளி இருமி இருமிச் சாகக் கிடந்தாரு. நீ உக்காந்த மறுநாளே நின்னுபோச்சு."

எர்காஷ் அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

முதலில் காய்ந்த இருமல். பிறகு கோழை. பிறகு கோழையில் பச்சை கலந்த மஞ்சள் மினுக்கம். முகத்தில் ஈரத்துணி கட்டித்தான் தேய்த்தான், இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு. துணி சுத்தமாகவே இருந்தது. உள்ளேதான் நிறைந்துகொண்டிருந்தது.

"ஒரு மாச வேலைக்கு இவ்வளவா?" என்றாள் ஓய்நிசா. அவன் தலை வைத்த தலையணை உறையை விளக்குப் பக்கம் பிடித்துக் காட்டினாள். வாய் பட்ட இடத்தில் பித்தளைப்பொடி ஒரு வட்டமாக மின்னியது. "அங்க எத்தனை பேர் தூசிய நீ திங்கற?"

அவள் கேலியாகத்தான் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. எழுந்து நின்றால் மூச்சு வாங்கியது. இந்த வேகத்தில் போனால் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பேனா என்று அன்றைக்கு முதல்முறை நினைத்தான்.

பனிக்காலத்தின் நடுவில் கரண்ட் நினைத்தபோது போக ஆரம்பித்தது. அன்று நடுப்பகல். வெளியே வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே பல்பு ஒரு தரம் சிவந்து அணைந்தது. கோசிமின் சக்கரம் முனகி, வேகம் குறைந்து, நின்றது. அவர் எழுந்து அடுப்புக்குக் கரி போடப் போனார். எர்காஷும் எழுந்தான். கையிலிருந்த வார்ப்பை மேசையில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளிப் போய் நின்று முதுகை நிமிர்த்தினான்.

அவன் சக்கரம் நிற்கவில்லை.

கனமான சக்கரம், கொஞ்ச நேரம் ஓடும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஓடியது. பட்டறை முழுக்க அமைதி. கூரைத் தகரத்தில் பனி சரிகிற சத்தம். அதற்கு நடுவில் அந்த ஒரே ஒரு உறுமல், ஏறாமல் இறங்காமல்.

முக்காலி கிறீச்சென்றது. உட்காரும்போது வருகிற சத்தம்.

மேசையில் வைத்த வார்ப்பு அங்கே இல்லை.

அது சக்கரத்தின் முகத்தில், காற்றில், சாய்ந்து நின்றது. மெல்லத் திரும்பியது. அழுத்தியது. விலகியது. முப்பது வருஷம் பழகிய கை எப்படித் திருப்புமோ அப்படி. இடது பக்கமாக.

தூள் கிளம்பியது. ஆனால் தரையில் விழவில்லை.

நூல்போல, ஒரே நூலாக, பச்சையும் மஞ்சளுமாகக் காற்றில் நீண்டு வந்தது. அவசரமில்லாமல் வந்தது. எர்காஷ் பின்னால் நகர்ந்தான். அதுவும் திரும்பியது. கையால் வாயைப் பொத்தினான். விரல் இடுக்கில் நுழைந்தது.

செத்தவனுக்கு மூச்சு ஏது. தேய்க்கிற தூள் யாராவது ஒருவனுடைய மார்புக்குள் போய்த்தானே ஆக வேண்டும்.

அடுப்படியில் கோசிம் கரித்தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவரும் பார்த்துவிட்டார். உதடு மட்டும் அசைந்தது.

"வா தம்பி. வெளிய வந்துடு. முதுகைக் காட்டாம வா."

அன்று சாயங்காலமே கோசிம் அவனை மாமசோலியின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாமசோலியின் மனைவி சனோபர் இரண்டு பிள்ளைகளையும் ஒரே போர்வைக்குள் போட்டு உட்கார்ந்திருந்தாள். எர்காஷ் இருமுவதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. அந்த இருமலை அவளுக்குத் தெரியும்.

"அவரு இடத்துலயா உக்காந்திருக்க?"

"ஆமாக்கா."

"நாலு தரம் போய் முதலாளி காலைப் பிடிச்சேன், அந்த ஒரு சொல்லைச் சொல்லிடுங்கன்னு. கடன் வாயால தீராது, கையாலதான் தீரும்னு சொல்லிட்டாரு." ரொட்டியைப் பிட்டு அவன் முன்னால் வைத்தாள். "கனவுல வந்து உக்காருறாரு. ஒண்ணும் திங்கறதில்லை. எவ்வளவு தேய்ச்சாலும் எம்பேருல ஒரு கோடு விழலையேன்னு சொல்றாரு. அவ்வளவுதான். எழுந்து வேலைக்குப் போயிடறாரு."

எர்காஷ் ரொட்டியை எடுக்கவில்லை.

அவன் பேருக்குக் கீழே விழுந்த கோடுகளை நினைத்தான். முப்பத்தாறு லட்சத்தில் கிட்டத்தட்ட எல்லாம் அடைந்திருந்தது. அதில் பாதிக்கு மேல் அவன் கை படாதது. அந்த மனுஷர் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்து தன் கடனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இவன் தினமும் சாயங்காலம் அதைத் தன் பேருக்கு எழுத விட்டுக்கொண்டிருக்கிறான். கோடும் இவனுக்கே, தூசியும் இவனுக்கே.

சொன்னால் ஆஸ்பத்திரிக் கடன் பாதிக்கு மேல் திரும்ப வந்து தலையில் உட்காரும். சொல்லாவிட்டால் மார்பு நிறையும்.

"அக்கா, நாளைக்கு ஜும்மா முடிஞ்சு பட்டறைக்கு வர முடியுமா?"

மறுநாள் தொழுகை முடிந்து ரவ்ஷன்பெக் வந்தபோது பட்டறையில் கரண்ட் இல்லை. சுவரின் முன்னால் எர்காஷ் ஈரத்துணியோடு நின்றான். தன் பத்தியில் பாதிக்கு மேல் துடைத்திருந்தான். மாமசோலியின் பேருக்குக் கீழே கரிக்கோடுகள் நெருக்கமாக இறங்கித் தரையைத் தொட்டிருந்தன.

"என்னடா பண்ற?"

"என்னுது இல்லாததை எடுத்துக் குடுத்துட்டேன், முதலாளி. எண்ணிப் பாருங்க. நானூத்தி அறுபதுக்கு மேலயே இருக்கு."

"செத்தவன் வந்து தேய்ச்சான்னு நான் கணக்கு வைக்கணுமா?"

"கோசிம் அண்ணனைக் கேளுங்க. மெருகைப் பாருங்க."

ரவ்ஷன்பெக் மெருகைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை என்பது அந்த நொடியில் எல்லோருக்கும் புரிந்தது. தினம் தன் கையால் வார்ப்பைக் குவித்து வைத்தவர் அவர். தன் மார்பு நிறைய ஆரம்பித்ததும் அந்த முக்காலிக்கு ஒரு மார்பைத் தேடி, பேரம் பேசாமல் விலை கொடுத்தவரும் அவர்தான்.

வாசலில் சனோபர் கறுப்புச் சால்வையோடு நின்றாள். "சொல்லிடுங்க முதலாளி," என்றாள். "உழைச்சுத் தீர்த்துட்டாரு."

"தீர்ந்ததா? வட்டி இருக்கும்மா," என்றார் ரவ்ஷன்பெக். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. "சம்பளம் கேக்காத கை. பசிக்காத ஆள். அதை நான் ஏன் விடணும்? நீயே சொல்லு."

கோசிம் தரையில் துப்பினார். "தூ. மனுஷனா நீ?"

எர்காஷ் தன் தோல் முன்துணியை அவிழ்த்து முதலாளியின் கையில் கொடுத்தான். "அப்ப நீங்களே உக்காருங்க. நான் இனிமே உக்கார மாட்டேன். கடனுக்கு எங்க வேணா வேலை பாத்து அடைக்கிறேன்."

"பயமா எனக்கு? என் பட்டறை, என் முக்காலி." ரவ்ஷன்பெக் முன்துணியைத் தூக்கி எறிந்தார். போய் உட்கார்ந்தார். உட்கார்ந்து மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார்.

சக்கரம் அசைந்தது.

யாரும் தொடவில்லை. பல்பு அணைந்தபடியே இருந்தது.

மெல்ல, பிறகு வேகமாக, பிறகு அந்த ஏறாத இறங்காத உறுமல். பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு வார்ப்பு உருண்டு எழும்பியது.

முதலாளி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. தோளில் யாரோ இடது கையை வைத்து அழுத்தியதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

தூள் நூலாகக் கிளம்பியது. எர்காஷ் பக்கம் ஒரு கணம் நீண்டது. தயங்கியது.

திரும்பியது.

"முதலாளி, சொல்லிடுங்க," என்றாள் சனோபர், கெஞ்சாமல்.

அவர் இருமினார். வாயை மூடினார். மூக்கு வழியாகப் போனது. கண்ணோரத்தில் மஞ்சளாகப் படிந்தது. சட்டைக் கழுத்தைப் பிய்த்துக்கொண்டு ஒரு வார்த்தைக்காகத் திணறினார். அந்த வார்த்தைக்கு மூச்சு வேண்டியிருந்தது. மூச்சுக்கு இடமில்லை.

"பொ..." என்றார். "பொருந்தி..."

சக்கரம் வேகம் குறையவில்லை.

"முழுசாச் சொல்லுங்க," என்றாள் சனோபர்.

"பொருந்திக்கிட்டேன். மாமசோலிக்குப் பாக்கி இல்லை. ஒரு சோம்கூட இல்லை."

வார்ப்பு மேசையில் விழுந்து உருண்டு நின்றது. சக்கரம் முனகி, வேகம் இறங்கி, எல்லாச் சக்கரங்களையும் போல நின்றது.

கூரையில் பனி சரிந்தது. முதலாளி தரையில் நாலு காலில் கிடந்து வாந்தி எடுத்தார். பித்தளை நிறமாகவே வந்தது.

சனோபர் மாடத்திலிருந்து புருஷனின் கிண்ணத்தை எடுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது எர்காஷின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இமாமுக்கு ஆள் அனுப்பி, அவர் முன்னாலும் அந்தச் சொல்லை ஒரு தரம் சொல்ல வைத்தார் கோசிம். பிறகு முதலாளியே ஈரத்துணியால் சுவரில் அந்தப் பெயரைத் துடைத்தார். அடியில் பழைய சுண்ணாம்பு தெரியும்வரை துடைத்தார்.

எர்காஷ் ஆழமாக மூச்சிழுத்துப் பார்த்தான். போயிற்று, அடிவரைக்கும். எத்தனையோ நாளுக்கப்புறம். அடுத்த வாரம் ஓய்நிசாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. வெட்டித்தான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவன் பேருக்குக் கீழே அவன் கையால் தேய்த்த கோடுகள் மட்டும் இருந்தன, கடனில் பாதிகூட வராது. வேறு பட்டறை தேடினான். கிடைக்கவில்லை. பிள்ளைக்குப் பால் வேண்டும். திரும்ப வந்தான். முதலாளி வாசலைத் தாண்டி உள்ளே வருவதையே விட்டிருந்தார்.

நடுச்சக்கரம் இன்னும் பழுதுதான். எர்காஷ் கடைசிச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தான். காலையில் பெட்டி காலியாக இருந்தது. நல்லது என்று நினைத்தான். கரண்ட் வந்தது. வார்ப்பை எடுத்து, பசை தடவி, அழுத்தினான். கை சுடவில்லை. வேலை வழுக்கிக்கொண்டு போயிற்று. பத்து, இருபது என்று பெட்டி நிறைந்தது. தனக்கு இவ்வளவு வரும் என்று அவனுக்கே தெரியாது.

உச்சிப்பொழுதில் கோசிம் தேநீர்க் கிண்ணத்தோடு வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

"தம்பி," என்றார், தொண்டைக்குள். "உன் கையைப் பாரு."

எர்காஷ் குனிந்து பார்த்தான். அவன் இடது கையில் கைப்பிடி சக்கரத்தின் முகத்தில் மெல்லத் திரும்பியது, அழுத்தியது, விலகியது.

அவனுடைய வலது கை மடியில் கிடந்தது, எப்போதோ தூங்கிப்போன பிள்ளையைப்போல.